நானூறில் ஒரு பங்கு: மாதிரி விமானங்கள் குறித்துச் சில குறிப்புகள்

வீட்டுக்கு வந்த தோழர் ஒருவர், அலமாரியில் 'மூலதனம்' தொகுதிகளுக்கு முன்னால் வரிசைகட்டி நின்ற குட்டி விமானங்களைப் பார்த்துவிட்டு, 'என்ன தோழர், பேரப் பசங்களுக்கா?' என்று கேட்டார். இல்லை, எனக்குத்தான் என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் டீ குடித்து முடிக்கிறவரை அவர் கண் அங்கேயே போய்ப் போய் வந்தது. கூட்டத்துக்கு நன்கொடை கேட்டு வந்தவர் அவர். ஒவ்வொன்றும் என்ன விலை இருக்கும் என்று மனசுக்குள் கூட்டிக்கொண்டிருந்தார் என்றே எனக்குப் பட்டது. அந்த மௌனத்துக்கான பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். தன்னிலை விளக்கம் என்று யாராவது சொன்னால் மறுக்கப் போவதில்லை.

முதலில் பொருள் என்னவென்று சொல்லிவிடுவது நல்லது. பயணிகள் விமானங்களைக் குறிப்பிட்ட விகிதத்தில் சிறிதாக்கிச் செய்தவை இவை. விளையாட்டுச் சாமானுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்த விகிதம்தான். பொம்மை விமானம், விமானம் மாதிரி இருந்தால் போதும். மாதிரி விமானமோ, இன்ன நிறுவனத்தின், இன்ன ஆண்டின், இன்ன பதிவெழுத்துகள் கொண்ட ஒரே ஒரு விமானமாக இருந்தாக வேண்டும். பிளாஸ்டிக் துண்டுகளை நாமே ஒட்டிச் செய்துகொள்ளும் பெட்டிகள் பெரும்பாலும் 1:144 அளவில் வருகின்றன. பயண ஏஜெண்டுகளின் மேசைக்கென்று செய்தவை 1:100, 1:200. என்னைப் போன்றவர்கள் அதிகம் வாங்குவது 1:400, 1:500 விகிதங்களில், துத்தநாகக் கலவையை எஃகு அச்சில் வார்த்தெடுத்த உலோக விமானங்களை. ஜெர்மனியின் ஹெர்ப்பா, அமெரிக்காவின் ஜெமினி ஜெட்ஸ் என்று பெட்டிமேல் பெயர் போட்டிருக்கும். வார்ப்பதும் வண்ணமடிப்பதும் பெரும்பாலும் சீனத் தொழிற்சாலைகளில். 70 மீட்டர் நீளமுள்ள போயிங் 747, 1:400இல் பதினேழரை சென்டிமீட்டராகிவிடுகிறது. ஆறடி மனிதன் நாலரை மில்லிமீட்டர், ஓர் அரிசிமணி நீளம்கூட இல்லை. ஆனால் அந்த அரிசிமணி மனிதனை யாரும் உள்ளே வைப்பதில்லை. உட்புறமே கிடையாது. ஜன்னல்கள் வெறும் அச்சடித்த புள்ளிகள்.

இந்த ஜன்னல் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

*

நான் வளர்ந்தது பல்லாவரத்தில். அப்பா தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் கூலி. திரிசூலம் மலையில் பாதி ஏறி நின்றாலே மீனம்பாக்கம் ஓடுபாதை தெரியும். எங்கள் தெருவில் விமானத்தில் ஏறியவர் ஒருத்தர் கிடையாது. ஆனால் வீட்டுக்குள் இருந்தபடியே சத்தத்தை வைத்து இது ஆவ்ரோ, இது கேரவல், இது 737 என்று சொல்லக்கூடிய பையன்கள் நாலு பேர் இருந்தோம். ஒரு பொருளை வெளியிலிருந்து மட்டுமே அறியக் கிடைத்தவர்களின் அறிவு அது. பின்னாளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நண்பர் ஒருவரிடம் பெருமையாக இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. 1980களின் பிற்பகுதியில் அவரும் அவர் தம்பிகளும் அதே ஆவ்ரோவின் சத்தத்தைக் கேட்டுத்தான் பதுங்குகுழிக்குள் ஓடியிருக்கிறார்கள். பயணிகளுக்கென்று செய்யப்பட்ட அந்த விமானத்தைத்தான் இலங்கை விமானப் படை குண்டு போடவும் பயன்படுத்தியது. ஒரே இஞ்சின், ஒரே இரைச்சல். எனக்குப் பொழுதுபோக்கு, அவருக்கு உயிர். அதற்குப் பிறகு என் சேகரிப்பில் ஆவ்ரோவை வாங்க நான் பல வருஷம் தயங்கினேன்.

முதல் மாதிரி கிடைத்தது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில். ஏதோ ஒரு பயண ஏஜென்சியின் கண்ணாடிக்குள் நின்றிருந்து ஓய்வு பெற்ற ஏர் இந்தியா 707. இடது பக்கத்து இஞ்சின் இரண்டும் இல்லை. பதினைந்து ரூபாய்க்குப் பேசி வாங்கினேன். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்த அந்த நிமிஷம் நன்றாக நினைவிருக்கிறது: மலைமேலிருந்து வருஷக்கணக்காகப் பார்த்தும் நான் ஒரு விமானத்தின் முதுகை அதுவரை பார்த்ததே இல்லை. வயிற்றையும் பக்கவாட்டையும்தான் பார்த்திருக்கிறேன்.

லெவி ஸ்ட்ராஸ் 1962இல் எழுதிய 'காட்டு மனம்' நூலில் சிறுவடிவங்களைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. பெரிய பொருளை நாம் பகுதி பகுதியாக அறிந்து முழுமைக்கு வருகிறோம். சிறிதாக்கப்பட்ட பொருளில் முழுமை முதலில் வந்துவிடுகிறது, பகுதிகள் பிறகு, என்பது அவர் வாதத்தின் சாரம். பெரியதன் எதிர்ப்பு குறைந்துவிடுகிறது. உள்ளங்கைக்குள் அது நமக்கு அடங்கிவிடுகிறது. சரிதான். ஆனால் அவர் அழுத்திச் சொல்லாத ஒன்றையும் சேர்க்க வேண்டும். அடங்குவதற்காக அது எதையெல்லாம் இழந்திருக்கிறது? இரைச்சல் போயிற்று. மண்ணெண்ணெய் வாடை போயிற்று. ரிவெட் ஆணிகள் போயின. அலுமினியத் தகட்டை வளைத்தவன், இரவெல்லாம் கழிவறை கழுவியவள், பின்வரிசையில் வாந்தியெடுத்தவன், எல்லோரும் போய் உருவரையும் வண்ணமும் மட்டும் மிஞ்சின. மாதிரி என்பது சிறிதாக்கம் மட்டுமல்ல, ஒரு தணிக்கை.

போகட்டும், மிஞ்சியதாவது உண்மையா? அதுவும் இல்லை. தகடுகள் சேரும் கோடுகளை மாதிரியில் பள்ளமாகக் கீறியிருப்பார்கள். அந்தக் கீறல் 0.2 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால், 1:400 கணக்கில் நிஜ விமானத்தில் அது 8 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பிளவு. அப்படி ஒரு விமானம் இருந்தால் யார் ஏறுவார்கள்? ஆனால் கீறல் இல்லாவிட்டால் நமக்கு அது சோப்புக்கட்டி மாதிரித் தெரிகிறது, 'தத்ரூபமா இல்லை' என்று திருப்பி அனுப்புகிறோம். தத்ரூபம் என்பது உண்மையின் அளவுகோல் அல்ல, நம் கண் பழகியதன் அளவுகோல். யதார்த்தவாதம் பற்றி நாம் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டதை இந்தக் கீறல் ஒன்றே விளக்கிவிடுகிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

*

கண் எங்கே பழகியது? இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1942இல் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களிடம் 5 லட்சம் மாதிரி விமானங்களைச் செய்து தரச் சொல்லிக் கேட்டது. விகிதம் 1:72, அதாவது ஓர் அங்குலம் ஆறடிக்குச் சமம். மரத்தில் செதுக்கிக் கறுப்படித்த அந்த மாதிரிகள் பீரங்கிக்காரர்களுக்கும் வானத்தைக் காவல் காத்தவர்களுக்கும் பாடப் பொருளாயின. 10 மீட்டர் தள்ளித் தொங்கவிட்டால் 720 மீட்டர் தூரத்தில் வருகிற நிஜ விமானம் தெரிகிற அளவில் தெரியும். நிழலுருவைப் பார்த்த மாத்திரத்தில் நம்முடையதா, எதிரியுடையதா, சுடலாமா, கூடாதா என்று சொல்லிவிட வேண்டும். 1:72 என்ற விகிதமே அதற்குப் பத்தாண்டு முன்னால் பிரிட்டனில் பொழுதுபோக்கு மாதிரிகளில் புழக்கத்துக்கு வந்தது. யுத்தம் அதை எடுத்துக்கொண்டு, பிறகு பொம்மைக் கடைக்கே திருப்பி அனுப்பியது. மூக்கின் வளைவையும் வாலின் சாய்வையும் வைத்து 'இது 707, இது டிசி-8' என்று நான் ஒரு நொடியில் சொல்லுகிற சாமர்த்தியம் இருக்கிறதே, அது அந்தப் பயிற்சியின் வாரிசுதான். ரசனை என்று நாம் நினைப்பதற்கு உள்ளே சில சமயம் துப்பாக்கி இருக்கிறது.

மாதிரியின் இன்னொரு பிறப்பிடம் விளம்பரம். யுத்தத்துக்குப் பிறகு விமான நிறுவனங்கள் பயண ஏஜெண்டுகளுக்குப் பெரிய மாதிரிகளைக் கொடுத்துவைத்தன. சிலவற்றில் ஒரு பக்கத்தை அறுத்துவிட்டு உள்ளே இருக்கைகளைக் காட்டினார்கள். வாங்கப் போகிறவனுக்கு உள்ளே காட்ட வேண்டியிருந்தது, சேகரிப்பவனுக்கு அந்தத் தேவை இல்லை.

இன்றைய சின்ன உலோக மாதிரிகளின் பொருளாதாரமோ இன்னும் வேடிக்கையானது. எஃகு அச்சு செய்வதுதான் செலவு. செய்துவிட்டால் ஒரே 747 அச்சிலிருந்து ஐம்பது நிறுவனங்களின் 747களை எடுக்கலாம், வண்ணத்தை மட்டும் மாற்றி. ஆக, நாங்கள் சேகரிப்பது விமானத்தையா வண்ணத்தையா? விமானத்தின் வண்ண உடுப்பை ஆங்கிலத்தில் 'லிவரி' என்கிறார்கள். பிரபுக்கள் தம் வேலையாட்களுக்கு அணிவித்த சீருடைக்கும் அதே பெயர். ஏர் இந்தியாவின் 'மகாராஜா' 1946இல் பாபி கூக்காவும் உமேஷ் ராவும் உருவாக்கியவர். ராஜ உடுப்பு, வேலைக்காரக் கும்பிடு. சமஸ்தானங்கள் ஒழிகிற நேரத்தில் ராஜாவையே லிவரி உடுத்திய பணியாளாக்கி வாசலில் நிறுத்தினார்கள். 1971இல் 747 வந்தபோது ஒவ்வொரு ஜன்னலைச் சுற்றியும் சிவப்பில் ராஜஸ்தான் மாடத்து வளைவுகளை வரைந்தார்கள். விமானங்களுக்குப் பேரரசர்களின் பெயர்களை வைத்தார்கள். மக்களின் வரிப்பணத்தில் ஓடிய ஒரு குடியரசின் நிறுவனம், தன்னை அரண்மனையாகக் கற்பனை செய்துகொண்டது. இறக்கையிலோ 'வி.டி.' என்ற பதிவெழுத்து. 1920களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் பேரரசுக்கு 'வி'யில் தொடங்கும் குறிகள் ஒதுக்கப்பட்டதன் மிச்சம் அது. 'வைஸ்ராய் டெரிட்டரி' என்பதன் சுருக்கம் என்று ஒரு பேச்சும் உண்டு. அந்தப் பேச்சு சரியோ இல்லையோ, என் அலமாரியில் உள்ள பதினேழு சென்டிமீட்டர் விமானத்தில் காலனியும் அரண்மனையும் குடியரசும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசப்பட்டிருக்கின்றன. 2022 ஜனவரியில் நிறுவனம் மறுபடியும் டாட்டா கைக்குப் போனது. 1932இல் தொடங்கி 1953இல் அரசுடைமையாகி 2022இல் திரும்பிய ஒரு வட்டம். அடுத்த வருஷமே புது லிவரி. அந்த வருஷம் பழைய லிவரி மாதிரிகளைத் தேடி அலைந்தவர்களில் நானும் ஒருவன். ஒரு பொதுத்துறை நிறுவனத்துக்கான என் துக்கத்தை நான் கடையில் வாங்கிக்கொண்டேன், தோழர் கவனிக்கட்டும்.

*

இதுவரை சொன்னதைப் பார்த்தால் எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிட வேண்டியதுதான் என்று படும். பார்த்தும் 1957இல் பொம்மைகளைப் பற்றி எழுதியபோது, முன்கூட்டியே எல்லாம் முடிந்துபோன பெரியவர்களின் உலகத்தைச் சிறிதாக்கிக் கையில் கொடுத்தால் பிள்ளை படைப்பவனாக இல்லாமல் உடைமையாளனாக மட்டுமே ஆகிறான் என்று குற்றம் சாட்டினார். என்மேல் அது அப்படியே பொருந்தும். நான் பறக்கவும் இல்லை, செய்யவும் இல்லை. வாங்கி வைத்திருக்கிறேன். அவ்வளவுதான்.

ஆனாலும் விட முடியவில்லை. காரணம் பழைய விமானங்களின் வடிவங்கள். நம் விமர்சனம் வண்ணத்தைப் படித்துவிட்டு வடிவத்தைப் படிக்காமல் விட்டுவிடுகிறது என்பது என் வருத்தம். பண்டத்தின் மாயையைக் கட்டுடைக்கிற அவசரத்தில், பண்டத்துக்குள் உறைந்திருக்கும் முடிவுகளை நாம் பார்ப்பதில்லை.

அலமாரியின் இரண்டாம் தட்டை எடுத்துக்கொள்வோம். 1949இல் பறந்த காமெட்: நாலு இஞ்சினும் இறக்கையின் அடிவாரத்துக்குள்ளே புதைந்து கிடக்கும், வெளியே ஒன்றும் தொங்காது. 1955இல் வந்த பிரெஞ்சு கேரவல்: இறக்கையைச் சுத்தமாக விட்டுவிட்டு வால்பக்கத்தில் பக்கத்துக்கு ஒன்று. அதன் மூக்கு காமெட்டிடமிருந்து வாங்கியது. ஜன்னல்களோ முனை மழுங்கிய முக்கோணங்கள். 1962இல் பிரிட்டனின் விசி10: வாலில் நாலு இஞ்சின். அடுத்த வருஷமே சோவியத்தின் இல்யூஷின்-62: அதே ஏற்பாடு. பனிப்போரின் இரண்டு பக்கமும் ஒரே விடைக்கு வந்தன, யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்ற சண்டை தனி. விசி10 ஏன் அப்படி? ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் வெப்பமான, உயரமான இடங்களில் இருந்த குட்டை ஓடுபாதைகளிலிருந்து அது எழும்ப வேண்டியிருந்தது. இஞ்சின் தொங்காத இறக்கை அதிகம் தூக்கும். அதாவது, மங்கிக்கொண்டிருந்த ஒரு சாம்ராஜ்யத்தின் விமானத் தளங்கள்தான் அந்த அழகான வாலை வரைந்தன. பிறகு அந்த நாடுகள் தங்கள் ஓடுபாதைகளை நீட்டிக்கொண்டன. 707 அங்கேயும் இறங்கிற்று. விசி10இன் காரணமே காலியாகிவிட்டது. மொத்தம் 54 விமானங்கள், அதோடு சரி.

1970இல் இரண்டு மூன்று-இஞ்சின் விமானங்கள் வந்தன, டிசி-10, டிரைஸ்டார். மூன்றாவது இஞ்சினை எங்கே வைப்பது என்பதுதான் சிக்கல். டிசி-10காரர்கள் அதைச் செங்குத்து வாலின் அடியில் நேர்க்குழாயாகச் செருகிவிட்டார்கள். டிரைஸ்டார்காரர்கள் உடலின் கடைசி முனையில் வைத்து, மேலிருந்து எஸ் வடிவக் குழாயில் காற்றை இறக்கினார்கள். ஒரே கேள்வி, ஒரே வருஷம், இரண்டு விடை. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள், இரண்டு ஆட்கள் வாதாடுகிற மாதிரி இருக்கும்.

747இன் முதுகுத் திமிலும் அப்படித்தான். அது அழகுக்காக வந்ததல்ல. 1960களின் நடுவில் எல்லோரும் நம்பியது என்ன? பயணிகள் எல்லாம் சீக்கிரமே ஒலியை மிஞ்சும் விமானங்களுக்குப் போய்விடுவார்கள், இந்தப் பெரிய விமானம் சரக்கு ஏற்றிப் பிழைக்க வேண்டும். அதனால் மூக்கைத் தூக்கித் திறந்து சரக்கேற்ற வசதியாக விமானியின் அறையை மேலே ஏற்றிவைத்தார்கள். அந்த எதிர்காலம் வரவில்லை. கன்கார்டு மொத்தமே 20தான் கட்டப்பட்டது, 2003இல் ஓய்வும் பெற்றுவிட்டது. வராத எதிர்காலத்துக்காகப் போட்ட திமிலோடு 747தான் 1,574 கட்டப்பட்டு, கடைசி விமானம் 2023 ஜனவரி 31இல் ஒப்படைக்கப்பட்டது.

ஏன் எல்லாம் ஒரே மாதிரி ஆயிற்று? இதற்கு விடை சதி இல்லை, கணக்கு. முதல் தலைமுறை ஜெட் இஞ்சின்கள் உள்ளே போன காற்று முழுவதையும் எரிப்பறை வழியாகவே அனுப்பின. ஒல்லியாக இருந்தன, எங்கே வேண்டுமானாலும் புதைக்கலாம், செருகலாம். பிறகு பெரிய விசிறியை முன்னால் வைத்து, காற்றில் பெரும்பங்கை எரிக்காமல் சுற்றிவிட்டுத் தள்ளினால் எரிபொருள் மிச்சம் என்று ஆயிற்று. 747இன் முதல் இஞ்சினில் எரியும் காற்றைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு காற்று சும்மா சுற்றிப் போனது. இன்றைய இஞ்சின்களில் பத்து மடங்குக்கும் மேல். விசிறி பெருக்கப் பெருக்க இஞ்சின் பருத்தது. பெரிய 777இன் இஞ்சின் கூடு கிட்டத்தட்ட ஒரு 737இன் உடல் அகலம். அவ்வளவு பெரியதை இறக்கைக்குள் புதைக்க முடியுமா? கீழே தொங்கவிட ஒரே இடம்தான். இதோடு ஒரு விதியும் சேர்ந்தது. இரண்டு இஞ்சின் விமானம் எப்போதும் ஏதாவது ஒரு விமானத் தளத்திலிருந்து 60 நிமிஷ தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பழைய அமெரிக்க விதி. கடல் தாண்ட மூன்று, நாலு இஞ்சின் தேவைப்பட்டதற்கு அதுவும் காரணம். 1985இல் அது 120 நிமிஷமாகவும் 1988இல் 180 ஆகவும் தளர்ந்தது. ஒரு சுற்றறிக்கையின் எண் மாறியதில் ஒரு வடிவமே வானத்திலிருந்து காணாமல் போனது.

பல்லாவரத்துக்காரனாக நான் பழைய இரைச்சலுக்கும் கரும்புகைக்கும் ஏங்கிவிட முடியாது. புதியவை குறைவாகக் குடிக்கின்றன, குறைவாகக் கத்துகின்றன, குறைவாக விழுகின்றன. ஆனால் எங்கள் அலமாரியில் நிற்பவை பெரும்பாலும் தோற்ற விடைகள். எண்ணெய் விலையும் கணக்குப்பிள்ளையும் ராணுவ ஒப்பந்தமும் சேர்ந்து ஒரு விடையைத் தேர்ந்தெடுத்தபிறகு, அது ஒன்றுதான் இயற்கையானது, வேறு மாதிரி இருந்திருக்கவே முடியாது என்று நமக்குச் சொல்லப்படுகிறது. இந்த வாக்கியத்தை நாம் வேறு எங்கெல்லாம் கேட்டிருக்கிறோம்! அப்படிச் சொல்லப்படும்போது கையில் எடுத்துக் காட்ட ஒரு விசி10 இருப்பது நல்லதுதானே.

*

இதில் ஒரு வழுக்கல் உண்டு. தோற்ற விடை என்பது மெல்ல மெல்ல 'பொற்காலம்' ஆகிவிடுகிறது. 'கிளாசிக்' என்ற சொல்லே எங்கள் வட்டாரத்தில் ஒரு தந்திரம். ஒவ்வொருவருக்கும் அவரவர் பத்து வயதில் பார்த்த விமானம்தான் கிளாசிக். கோட்டு சூட்டு, பீங்கான் தட்டு, விரிந்த இருக்கை என்று 1960களின் விளம்பரப் படங்களைப் பார்த்து உருகுகிறோம். அந்த இருக்கையில் நாம் உட்கார்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்பதைக் கவனமாக மறந்துவிட்டு.

விழுந்தவற்றையும் மறக்கிறோம். 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு காமெட்டுகள் மத்திய தரைக்கடல் மேல் வெடித்துச் சிதறின. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு முழு விமானத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, உள்ளே அழுத்தத்தை ஏற்றி ஏற்றி இறக்கிப் பார்த்துத்தான் உலோகச் சோர்வைக் கண்டுபிடித்தார்கள். தகட்டில் வெட்டிய திறப்புகளின் மூலைகளில் விரிசல் விட்டிருந்தது. இன்று நாம் உட்காரும் ஜன்னலின் வளைந்த மூலைக்கு உள்ளே அந்தச் சாவுகள் இருக்கின்றன. 1966 ஜனவரி 24இல் 'காஞ்சன்ஜங்கா' என்ற ஏர் இந்தியா 707 மோன் பிளாங் மலையில் மோதி 117 பேர் இறந்தார்கள், ஹோமி பாபா உள்பட. பனியாறு அவற்றை உள்வாங்கிக்கொண்டு நிதானமாகக் கீழே இறக்கிக்கொண்டிருக்கிறது. 2012இல் ஓர் இந்தியத் தூதரகத் தபால் பை. அடுத்த வருஷம் ஒரு பெட்டி நிறைய நவமணிகள். 2020இல் இந்திரா காந்தி பிரதமராவதைச் சொல்லும் செய்தித்தாள்கள். பெஞ்சமின் பேசிய சேகரிப்பாளனைவிட இந்தப் பனியாறு நேர்மையானது. எதையும் துடைத்து வைப்பதில்லை.

எனக்கு நெருக்கமான சாவு 1976 அக்டோபர் 12. பம்பாயிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் கேரவல், இஞ்சின் பழுதாகித் திரும்பி வருகையில் தீப்பிடித்து விழுந்தது. 95 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. நடிகை ராணி சந்திரா அதில் இருந்தார். அவர் நடித்து முடிக்காமல் விட்டுப்போன 'பத்ரகாளி'யின் மீதிக் காட்சிகளை அவர் சாயலில் இருந்த இன்னொருவரை வைத்து எடுத்தார்கள். படத்தைப் பார்த்தபோது எது அவர், எது நகல் என்று எங்கள் தெரு முழுக்க ஒரே ஆராய்ச்சி. அந்த விமானம் அன்றைக்கு எங்கள் மலைக்கு எதிரே வந்து இறங்கியிருக்க வேண்டியது. விபத்தில் அழிந்த விமானத்தின் பதிவெழுத்துகளோடு வருகிற மாதிரியை வாங்கலாமா கூடாதா என்று சேகரிப்பவர்களிடையே ஓயாத சண்டை உண்டு. அஞ்சலி என்பார் ஒருவர், அசிங்கம் என்பார் மற்றவர். என்னிடம் உள்ள கேரவல் வேறு நிறுவனத்தின் வண்ணத்தில்தான் இருக்கிறது.

மாதிரி விமானத்துக்கு வேறொரு வாழ்க்கையும் சாத்தியம் என்பதைப் பஞ்சாபில்தான் பார்க்க வேண்டும். ஜலந்தர் பக்கம் தல்ஹன் என்ற ஊரின் குருத்வாராவில், வெளிநாட்டு விசா கிடைக்க வேண்டிப் பிளாஸ்டிக் விமானங்களைக் காணிக்கையாக வைத்து வணங்கியிருக்கிறார்கள். விகிதம் கிடையாது, பதிவெழுத்து கிடையாது, லிவரி சரியா என்ற கவலை கிடையாது. நம்மூர் ஐயனாருக்கு மண்குதிரை வைப்பது மாதிரி. குதிரையை யாரும் துடைத்து அலமாரியில் பூட்டுவதில்லை. வெயிலிலும் மழையிலும் கரைய விட்டுவிடுகிறார்கள், வேண்டுதல்தான் பொருள். என் 1:400 விமானத்தைவிட அந்த மட்டமான பிளாஸ்டிக் விமானம் ஒரு விஷயத்தில் துல்லியமானது: அதைக் கையில் பிடித்தவர் உள்ளே ஏற விரும்பியவர்.

*

எங்கள் வீட்டிலும் ஒருவர் ஏறினார். அண்ணன் 1987இல் குவைத்துக்கு ஏ.சி. மெக்கானிக்குக்கு உதவியாளாகப் போனார். 1990 ஆகஸ்ட் 2இல் இராக் படை உள்ளே வந்தது. பஸ்ஸில் பாஸ்ரா, பாக்தாத், பிறகு பாலைவனத்தில் கூடாரம், பிறகு ஜோர்டானின் அம்மான். அங்கிருந்து விமானத்தில் பம்பாய், பம்பாயிலிருந்து ரயில். அந்த ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை ஏறத்தாழ இரண்டு மாதத்தில், ஐநூறுக்குச் சற்றுக் குறைவான நடைகளில், 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் கொண்டுவந்து சேர்த்தன. பொதுத்துறை என்றால் என்னவென்று நான் விவாதிக்கும்போதெல்லாம் அந்த எண்ணைத்தான் முன்னால் வைப்பேன்.

அண்ணன் வந்த விமானத்தின் மாதிரி ஒன்று வேண்டும் என்று எனக்குப் பல வருஷ ஆசை. எது என்றுதான் தெரியவில்லை. அந்த நடைகளில் 747 ஓடியது, ஏர்பஸ் ஏ310 ஓடியது, ஏ320 ஓடியது. போன பொங்கலுக்கு அவர் வந்திருந்தபோது மூன்றையும் மேசைமேல் எடுத்து வைத்தேன்.

'அண்ணே, நீ வந்தது இதுல எது?'

'என்னடா கேள்வி இது. வண்டி வந்துச்சு, ஏறுனோம்.'

'உள்ள மாடிப்படி இருந்துச்சா?'

'இருந்திருக்கும். நான் வாலு பக்கம்.'

'நடுவுல வழி ஒண்ணா, ரெண்டா?'

'அதையெல்லாம் எவன் எண்ணுனான். பேரு கூப்பிட்டாங்களா இல்லையான்னு அதே யோசனை.'

747ஐ எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒரு கண்ணை மூடி ஜன்னல் வரிசைக்கு நேரே பிடித்தார். 'அடைச்சு வெச்சிருக்கானே' என்றார். அச்சடித்ததுதான் அண்ணே, உள்ளே ஒன்றும் இருக்காது என்றேன். என்ன விலை என்று கேட்டார். ரெண்டாயிரத்து ஐநூறு என்றேன், பாதியைக் குறைத்து.

'அப்பல்லாம் மாசம் நான் வீட்டுக்கு அனுப்புனது அவ்வளவுதான்' என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு சரியாக இருக்கிறதே என்கிற ஆச்சரியம்தான் குரலில் இருந்தது. பிறகு, பக்கத்து இருக்கையில் வந்த கேரளத்து அம்மா ஒருவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அந்தம்மா மடியில் ஒரு பிரஷர் குக்கர். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர் அதை மட்டும் விடவில்லையாம். பெல்ட்டைப் போடச் சொன்னபோது குக்கரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார், பம்பாய் வரும்வரை கீழே வைக்கவே இல்லை. மூடி மட்டும் தொலைந்துபோயிருந்தது.